உள்ளே கை விடாதே

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கதிர்காமத்தம்பியிடம் ஏச்சு வாங்காத ஆளில்லை. மற்ற அன்டெனாக்களின் அளவு சரியா பிழையா என்று ஒப்பிட்டுப் பார்க்க அங்கே இருந்தது ஒரேயொரு ஹோர்ன் அன்டெனா. புனல்போல அகன்ற அதன் வாய்க்குள் இரண்டு உலோகத் தகடுகள், அடியில் மயிரிழை இடைவெளிக்கு நெருங்கி நிற்கும். ஒரு விரல் பட்டு நெளிந்தால் அளவெல்லாம் நாசம். யாராவது கையை நீட்டினால் போதும், யோசிக்குமுன்னே அவர் கத்திவிடுவார்.

அன்றைக்கு அதைப் பெட்டியில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு கபூரின் ஓட்டோவில் போனார்.

"பெத்த புள்ளையையும் இப்பிடித் தூக்கியிருக்க மாட்டீங்க சேர்."

"பள்ளத்தப் பாத்து ஓட்டு மனே."

சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பெட்டியைத் திறந்தான். ஹோர்னின் வாய்க்குள் விரலை நீட்டினான்.

"உள்ளே கை விடாதே!" என்று சிங்களத்தில் அலறினார் கதிர்காமத்தம்பி.

குண்டென்று நினைத்து ஆமிக்காரர்கள் பாய்ந்து விலகினார்கள். பயந்து இறங்கி ஓடிய கபூரின் முதுகில் மூன்று வெடி விழுந்தது. கதிர்காமத்தம்பியின் முகத்தில் துவக்குப் பிடி இறங்க, பற்கள் தார் ரோட்டில் தெறித்தன.

அரை மணி கழித்து வந்த அதிகாரி, பெட்டிக்குள் இருந்த பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தை வாசித்தான். "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று பெட்டியை நீட்டினான்.

ஹோர்னில் ஒரு கீறல்கூட இல்லை. கபூர் குப்புறக் கிடந்தான்.

கதிர்காமத்தம்பி அந்த வாய்க்குள் கையை விட்டார். தகட்டைப் பிடித்து, விரல் கிழிந்து இரத்தம் வழிய, நெளியும்வரை முறுக்கினார்.

இந்தமுறை யாரும் கத்தவில்லை.