மூணடி நடைபாதை

தேயிலை விலை விழுந்து எஸ்டேட் ஃபேக்டரியைப் பூட்டிய பிறகு, தேயிலை பறித்துக்கொண்டிருந்த எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் இருபது பேரும் குன்னூர் டவுனுக்கு நடந்தே கூலி வேலைக்குப் போகிறோம். அங்கே கடைவீதியில் எட்டடி அகலத்துக்கு நடைபாதை போட அரசாங்கம் பணம் ஒதுக்கியிருந்தது. போன வாரம் சர்வேக்காரர் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நடந்து போகிறவர்களை எண்ணி எழுதினார். நேற்று இன்ஜினியர் வந்து மூணடிக்குத்தான் கோடு போட்டார்.

"மீதி இடம் எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"கார் நிறுத்த. சர்வேப்படி நீங்கதான் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போறீங்களாமே, மூணடி போதாதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழையத்தான் இடம். இருபது வருஷம் அப்படியே நடந்த கால் இது. அதுக்காக நடைபாதையையும் சுருக்குவாரா? சண்டை போட்டு, மறுபடி எண்ணச் சம்மதிக்க வைத்தேன்.

இன்று காலை எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன், நாலு நாலு பேராகச் சேர்ந்து வரணும் என்று. கடைவீதிக்குள் திரும்பினோம். சர்வேக்காரர் பேனாவோடு தயாராக இருந்தார்.

"கருப்பம்மா, விலகாம என் பக்கத்துலயே வா" என்றேன்.

"வந்துட்டுத்தானே இருக்கேன்" என்றாள், என் முதுகுக்குப் பின்னாலிருந்து.