ஆவுடையம்மாள் தொட்ட தலைகள்

கிட்ட வந்து உட்காருங்க, மக்கா. வெயிலில் இருக்கிறவள் நிழலுக்கு நகர்ந்துகொள். பிள்ளையை மடியில் போட்டுக்கொள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, ஆற்றங்கரையில் இருந்த ஒரு வீட்டின் கதை இது. சாவில்தான் தொடங்குகிறது. ஆனாலும் உங்களை அழவைத்து அனுப்ப மாட்டேன்.

ஆவுடையம்மாள் தன் புருஷனுக்குக் கடைசிச் சவரம் செய்துகொண்டிருந்தாள். விடியும்போது போன உயிர். வலது கன்னம் முடிந்து இடது கன்னத்துக்கு வந்திருந்தாள்.

"பொம்பள கத்தி எடுக்கலாமாட்டீ?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஊருத் தாடையெல்லாம் வழிச்ச மனுசன். அவுகள மூணு நாள் முள்ளோட அனுப்பச் சொல்லுதியா?"

"அதுக்கில்ல. வெட்டிறாமப் பாத்துக்கோன்னேன்."

"வெட்டினா எந்திரிச்சு ஏசுவாக. எந்திரிக்கட்டுமே."

பலவேசம் ஊர் நாவிதர். ஆவுடை சுற்று வட்டாரத்து ஏழு ஊருக்கும் பேறு பார்க்கிறவள். எந்தப் பிள்ளையின் தலையும் முதலில் அவள் உள்ளங்கையில்தான் வந்து இறங்கும். பிறகுதான் அவர் கத்திக்குப் போகும்.

வாசல் வேப்பமரத்தடியில் ஏட்டு ஒருவர் விடிந்ததிலிருந்தே உட்கார்ந்திருந்தார். வடக்கத்தி ஜில்லாக்காரர். போன ஆனியில் மணியாச்சியில் கலெக்டரைச் சுட்டதிலிருந்து ஊருக்கு ஊர் போலீஸ்தான். இவர் மடியில் இருந்த காகிதத்தில், 'குற்றாலலிங்கம், வயது இருபது, தோள்வரை முடி, முறுக்கு மீசை' என்று எழுதியிருந்தது. ஆவுடையின் ஒரே பிள்ளை. வெள்ளைக்காரனுக்கு எதிராகத் துண்டுக் காகிதம் அச்சடித்தான் என்று அவனைத் தேடினார்கள். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க மகன் வராமல் இருப்பானா என்பது ஏட்டின் கணக்கு.

மாசானம் கொல்லை வழியாக வந்தான். ஆவுடையின் தம்பி. இழவு வீட்டில் சங்கு ஊதுகிறவனும் அவன்தான்.

"யக்கா, குத்தாலம் வந்துட்டான். வாழத்தோப்புல இருக்கான்."

ஆவுடை கத்தியை எடுக்கவில்லை. கன்னத்திலேயே அது நின்றது.

"திரும்பிப் போவச் சொல்லுலே. பங்காளி மகன் எவனாவது கொள்ளி வைக்கட்டும்."

"சொல்லாம இருப்பேனா? எங்கப்பா பாதிச் சவரத்துல எந்திரிச்சவரு, நான் பாதி வழியில திரும்ப மாட்டேங்கான்."

அது நாலு வருஷத்துக்கு முந்தின பேச்சு. கப்பல் விட்டவரை ஜெயிலில் போட்டிருந்த நேரம். சவரத்துக்கு உட்கார்ந்திருந்த ஒரு காண்ட்ராக்டர், "அவனுக்கெல்லாம் செக்கிழுக்கிறதுதான் சரி" என்று சொல்லிவிட்டார். பலவேசம் கத்தியைத் துடைத்து மடக்கினார், எழுந்தார். மறு கன்னத்தை ஏழு ஊரிலும் எந்த நாவிதனும் தொடவில்லை. காண்ட்ராக்டர் துண்டால் ஒரு கன்னத்தை மூடிக்கொண்டு வண்டி ஏறினார். அந்தக் கோபத்தில் அவருக்கு வேண்டிய நிலக்காரர்கள், களத்துமேட்டில் சவரக் கூலியாகப் பலவேசத்துக்கு அளக்கிற நெல்லை இரண்டு பூ அறுவடைக்கு நிறுத்தினார்கள். வீட்டில் புளித்த கஞ்சிதான். பதினாறு வயது குற்றாலம் அந்தக் கஞ்சியை மறுபடி மறுபடி வாங்கிக் குடித்தான். மறு வருஷம் வீட்டை விட்டுப் போனான்.

"மொட்டை போட்டுட்டா அவன எவனுக்குத் தெரியும்?" என்றான் மாசானம். "சுடுகாட்டுல எடுக்க வேண்டிய மொட்டைய ஆத்துத் துறையிலயே எடுக்கோம். நம்ம ஆளு ஏழு பேரு கத்தியோட உக்காந்திருக்கோம். இளவட்டம் அத்தனைக்கும் மொட்டை, மீசையும் சேத்து."

"கொள்ளி வைக்கவனப் புடிப்பானே அந்த ஏட்டு."

"எல்லாரும் சேந்துல்லா வைக்கப் போறோம். வச்சதும் மூணு சங்கு, அது வழக்கம். அவன் ஆத்துல விழுந்து அக்கரை ஏறிட்டான்னா நாலாவது ஊதுதேன்."

நாலாவது கேட்காவிட்டால் என்ன என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவள் இடது கன்னத்தை முடித்தாள்.

நீர்மாலை வந்தது. வெள்ளை வேட்டியைப் பந்தலாகப் பிடித்துக்கொண்டு, ஆற்றுத் தண்ணீர்க் குடங்களோடு, ஈரத் துணியில் இருபதுக்கு மேற்பட்ட மொட்டைத் தலைகள். ஏட்டு எழுந்து நின்றார். காகிதத்தைப் பார்த்தார், தலைகளைப் பார்த்தார். எல்லாம் பூசணிக்காய்த் தோட்டம் மாதிரி இருந்தது.

வரிசையின் கடைசியில் கொடிக்கால் வெற்றிலை வியாபாரி பீர் மைதீன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு வயது ஐம்பது, நெஞ்சுவரை தாடி.

"நீரு எதுக்குய்யா?" என்றார் ஏட்டு.

"வாராவாரம் எனக்கு மொட்டை போட்டவரு வே. நம்ம தலையையும் பாத்துக்கிடும். இருபது வயசு இல்லன்னு விட்டுறாதீரு."

துக்கத்துக்கு வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

உடலைக் குளிப்பாட்டி முடித்ததும் முதல் பையன் அதன் காலடியில் விழுந்து எழுந்தான். ஆவுடை கையை நீட்டி அவன் தலையைத் தொட்டாள். அடுத்தவனையும் தொட்டாள். வழக்கத்தில் இல்லாததுதான். ஆனால் எல்லாரையும் தொட்டால்தானே ஒருவனைத் தொடலாம்.

அவள் நிமிர்ந்து முகம் பார்க்கவில்லை. இது தொப்புள்கொடி மாலை சுற்றிப் பிறந்தவன். இது ஏழு மாதத்துப் பிள்ளை. இது காலை முன்னே நீட்டினவன். உள்ளங்கை ஒவ்வொருவரையும் சொல்லிக்கொண்டே வந்தது.

எட்டாவதோ ஒன்பதாவதோ, ஒரு தலை. பின்மண்டையில் ஓர் ஓரம் சப்பை. மழை நாளில், துணைக்கு யாருமில்லாமல், தன் பேற்றைத் தானே பார்த்து அவள் ஏந்திய தலை.

கை மற்ற தலைகளில் இருந்த நேரம்தான் அதிலும் இருந்தது. அடுத்த தலைக்குப் போனது.

"ஏம்மா," ஏட்டு பக்கத்தில் குனிந்தார். "இதுல உன் புள்ள யாரு?"

ஆவுடை முந்தானையால் புருஷன் நெற்றியின் ஈரத்தை ஒற்றினாள்.

"எல்லாம் நான் எடுத்த புள்ளையதான்யா."

தெருமுனைக்கு மேல் பெண்கள் போகக் கூடாது. பாடைத் தேர் போன பிறகு ஆவுடையைத் தாமிரபரணிக்குக் கூட்டி வந்தார்கள். கீழ்த்துறைச் சுடுகாட்டுப் பக்கம் புகை கிளம்பியது. சங்கு ஊதியது. ஒன்று. இரண்டு. மூன்று.

ஆவுடை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். நாணலில் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்தது, எழுந்து போனது. "முங்குட்டீ, எம்புட்டு நேரம் நிப்ப" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"பைய முங்குதேன்."

நாலாவது சங்கு நீளமாக வந்தது. ஊதுகிறவன் மூச்சு முட்டும்வரை விடவில்லை.

ஆவுடை மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். தலை மறைந்தது. வலது கை மட்டும் தண்ணீருக்கு மேலே, உள்ளங்கை விரிந்தபடி, நனையாமல் நின்றது.

அவ்வளவுதான், மக்கா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தக் கரை ஏறினாலும் தலைமேல் ஒரு கை இருக்கட்டும். உங்கள் வீட்டு உலைக்கு அரிசி குறையாமல், நல்லா இருங்க.