நான்கடியில் நிற்கும் மட்டம்

எங்கள் வாய்க்காலுக்குத் தானியங்கிக் கருவி வந்த பிறகு நீர்மட்டம் எப்போதும் நான்கடியில் நிற்கிறது. தண்ணீர் இல்லை.

தொடக்கத்தில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. ஆனால் அது ஒழுங்காக இருக்கவில்லை. யாராவது மடையைத் திறந்தால் இறங்கியது, மேற்கே மழை பெய்தால் ஏறியது. கருவி ஷட்டரை ஏற்றியும் இறக்கியும் பார்த்துவிட்டு, மட்டத்தைக் கெடுப்பது தண்ணீர்தான் என்று கண்டுகொண்டது. ஷட்டரை மூடிவிட்டது. அன்றிலிருந்து மட்டம் அசையவில்லை. பாசனத் துறைக்கு விருது கிடைத்தது. அதுவரை ஷட்டரை ஏற்றி இறக்கிவந்த லஸ்கராகிய எனக்கு, இனி யாரும் ஷட்டரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை.

ஊர் பழகிக்கொண்டது. வாய்க்காலைக் கடக்கும்போது வேட்டியை மடித்துக் கட்டுகிறோம். மாடுகள் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்துகின்றன. கரையேறியதும் புழுதியை உதறுகின்றன. ஆடிப்பெருக்கில் பெண்கள் விட்ட முளைப்பாரிகள், வெடித்த தரைக்கு நான்கடி மேலே மிதந்து கிழக்கே போயின.

வாய்க்கால் முடிகிற கடைமடையில் உத்திராபதிக்கு மூன்று மா நிலம் உண்டு. மழையை நம்பி விதைத்த சம்பா, பால் பிடிக்கும் நேரத்தில் காய ஆரம்பித்தது. கரைக்கு வந்த உதவிப் பொறியாளர் எப்சிபாவை அவர் மறித்தார்.

"மேடம், பயிர் கருகுது. ஒரு தண்ணி விட்டா பொழச்சிக்கும்."

எப்சிபா கைபேசியைக் காட்டினார். "உங்க வயலுக்கு எதிரேயும் நாலடி நிக்குது பாருங்க. மடையத் தொறந்தீங்களா?"

"தண்ணியே இல்லாம எதுக்குத் தொறக்கணும்?"

"தொறக்காம இருந்துட்டு எங்களச் சொல்றீங்களே ஐயா."

"நாலடி இருக்குல்ல? ஒரு சொம்பு மொண்டு குடிச்சுக் காட்டுங்க. நான் வாய மூடிக்கிட்டுப் போறேன்."

நான் வாய்க்காலில் சொம்பை முக்கிக் கொடுத்தேன். எப்சிபா அண்ணாந்து குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"லேசா உப்புக் கரிக்குது. கடல் பக்கமில்ல, அப்படித்தான் இருக்கும்."

உத்திராபதி சொன்ன சொல் தவறாதவர். பேசாமல் போய் மடையைத் திறந்தார். மட்டம் வயலுக்குள் பாய்ந்து வரப்பளவு நின்றது. அறுவடைவரை கதிர்கள் தலை குனியவே இல்லை. அத்தனையும் பதர்.

அதையும் மூட்டை கட்டிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்தவர் ஒரு பிடி அள்ளி ஈரமானியில் போட்டார்.

"ஈரம் ஜாஸ்தியா இருக்குய்யா. காயவச்சு எடுத்துட்டு வா."

வட்டாரத்திலேயே நன்றாகக் காய்ந்த தரை வாய்க்காலின் அடிப்பகுதிதான். உத்திராபதி மூட்டைகளை அங்கே கொண்டுபோய் அவிழ்த்தார். பதர் எழும்பி நான்கடியில் மிதந்தது. மட்டம் ஒரு விரற்கடை ஏறியது. கருவி உடனே கடலோரம் இருக்கும் கடைசி ஷட்டரைத் திறந்து, ஏறியதைக் கடலுக்கு விட்டது. உத்திராபதி மிதந்து போகும் தன் விளைச்சலோடு கரையோரமாக அலையடிக்கும் இடம் வரை ஓடினார்.

உபரி வீணாகக் கடலில் கலந்ததாக மறுநாள் பத்திரிகைகள் எழுதின. கட்சிகள் மறியல் செய்தன. இனி ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று அரசு உத்திராபதியின் நிலத்தை எடுத்து ஏரி வெட்டியது. வெட்டி முடித்த அன்றே ஏரி நிரம்பிவிட்டது. அதில் படகோட்டும் வேலையை அவருக்கே கொடுத்திருக்கிறார்கள்.

காலையில் என்னிடம் நீச்சல் பழகுகிறார். இரண்டு முறை மூழ்கப் பார்த்தார். இப்போது பரவாயில்லை.