ஏழு பொத்தான்கள்

துரைமார் ஆளைச் சுட்டுக் கொல்வதைக்கூட முறைப்படிதான் செய்வார்கள். பட்டாளம் முழுக்க வரிசையில் நிற்க, முதலில் சட்டைப் பொத்தான்களைப் பிய்த்து எறிய வேண்டும். அதற்குப் பிறகுதான் குண்டு. பொத்தான் அடம்பிடித்தால் இழுக்கிற அதிகாரியின் மானம் போய்விடும் அல்லவா? அதனால் முந்தின நாளே தையலைப் பிரித்து, பேருக்கு ஒரு நூலில் தொங்க விடுவார்கள். அந்தத் திருப்பணி பட்டாளத் தையல்காரருடையது.

இந்தத் தடவை ஒன்பது சட்டைகள் வந்தன. முன்பின் தெரியாதவர்களைச் சுடக் கப்பலேற மாட்டோம் என்று துப்பாக்கியைத் துரைமார் பக்கம் திருப்பியவர்களில், உயிரோடு சிக்கிய ஒன்பது பேருடையவை. ஆறாவது தையல்காரரின் சொந்தத் தம்பியுடையது.

தையல்காரர் இருபத்திரண்டு வருஷமாக எந்த உத்தரவுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசாதவர். தம்பி அவருக்கு வைத்திருந்த பெயரே ‘சரிங்கய்யா’. கலகம் இரண்டே நாளில் அடங்கிப்போய், துரத்தல் தொடங்கியபோது அந்தத் தம்பிதான் தையற்கூடத்துக் கதவைத் தட்டினான். "அண்ணே, திற." இவர் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். அவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு தடவை அவனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். மூன்று தடவை கெஞ்சியும் சிறைவாசலில் விரட்டிவிட்டார்கள்.

எட்டுச் சட்டைகளைச் சொன்னபடி பிரித்தார். ஆறாவதில், மெழுகு தடவிய நூலை நாலாக மடித்து ஏழு பொத்தான்களையும் இறுக்கித் தைத்தார். அவன் மானமாவது லேசில் போகக்கூடாது என்று நினைத்தார். மற்ற எட்டுப் பேருக்கும் மானம் இல்லையா என்று கேட்கலாம். மனுஷரிடம் இருந்த துணிச்சலே ஒரு சட்டைக்குத்தான் காணும்.

காலை அணிவகுப்பில் கேப்டன் ஐந்து பேருடைய பொத்தான்களைப் பூப்பறிக்கிற மாதிரி பிய்த்துப் போட்டார். ஆறாவது ஆளிடம் வந்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். கை கட்டப்பட்டிருந்த தம்பி ஓரடி முன்னால் வந்தானே தவிர, பொத்தான் வரவில்லை. வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். கேப்டன் விரலில் ரத்தம். தையல்காரனைக் கூப்பிடு என்றார்.

தையல்காரர் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். இப்படி ஆகும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. தம்பியின் மானத்தை வாங்குகிற வேலை அவர் தலையிலேயே விடிந்தது. கேப்டன் தள்ளி நின்று விரலுக்குக் கைக்குட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

முதல் பொத்தானை வெட்டினார். தம்பி நூலைக் குனிந்து பார்த்தான்.

"உன் வேலையாண்ணே?"

அவர் தலையசைத்தார். இரண்டாவதை வெட்டினார். மூன்றாவதில்தான் வாய் வந்தது.

"கதவத் திறந்திருக்கணும்டா."

இல்லைண்ணே, பரவாயில்லைண்ணே என்று சொல்லுவான் என்றுதான் அவர் எதிர்பார்த்திருந்தார். இத்தனை நாளும் ராப்பகலாக அவன் வாயில் அதைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா. திறந்திருக்கணும்," என்றான் தம்பி.

நாலாவது பொத்தானைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கேப்டன் சீக்கிரம் என்றார்.

"மெதுவா வெட்டு," என்றான் தம்பி. "பக்கத்துல நில்லுண்ணே. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவர் மெதுவாக வெட்டினார். ஐந்தாவதுக்கு ஒரு யுகம் எடுத்துக்கொண்டார். ஆறாவதில் கத்தரிக்கோலை வேண்டுமென்றே நழுவவிட்டு, தேடி எடுத்தார். கேப்டன் கத்த ஆரம்பித்தார். ஊரிலேயே வேகமான கை என்று பெயரெடுத்தவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

ஒன்றுதான் மிச்சம். இதோடு தம்பியை விட்டு நகர்ந்துவிட வேண்டும். தையல்காரர் கத்தரிக்கோலைத் தூக்கித் தூர எறிந்தார். தம்பியின் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் நெஞ்சில் முகத்தை வைத்து, கடைசிப் பொத்தானின் நூலை ஒவ்வொரு இழையாகப் பல்லால் கடிக்கத் தொடங்கினார். தம்பி அண்ணன் தலைமேல் தாடையைச் சாய்த்துக்கொண்டான்.