வீட்டு மண்

நெய்வேலியில் மலை கிடையாது. சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேடுகள்தான் மலை. அவற்றின் உச்சியில் ஊருக்கு முன்னால் விடியும். விடிந்தால் போதும், அங்கே கூலிக்கு வரும் பெண்களுக்கு வேலை தொடங்கிவிடும். கீழே டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருக்க, தமயந்தி ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்திகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடும் குழாய் பிணக்கனம் கனக்கும். இழுக்க இழுக்கத் தோள்பட்டைத் தோல் உரிந்து ரவிக்கையோடு ஒட்டிக்கொள்ளும். சுரங்கப் பள்ளத்தில் ராட்சத இயந்திரம் மண்ணை அறுக்கிற சத்தம் ராத்திரி முழுக்க ஓயவில்லை, இப்போதும் ஓயவில்லை.

முதல் வேலை இலை கழுவுவது. அனல்மின் நிலையப் புகைபோக்கியிலிருந்து இரவெல்லாம் இறங்கிய சாம்பல் வெண்டை இலைகளில் திருநீறு பூசினாற்போல் அப்பியிருந்தது. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிய பிறகுதான் எந்தச் செடி பச்சை, எந்தச் செடி மஞ்சள் என்று தெரியும். தமயந்தியின் பாத்தி பச்சையாக இருந்தது. மொட்டுகூட வைத்திருந்தது. பக்கத்துப் பாத்தி வீராயியுடையது. அது மஞ்சளித்துப் போய், நோய் கண்ட பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப்போட்டு நின்றது. தமயந்தி அந்தப் பக்கம் பார்க்காமல் குழாயைத் திருப்பிக்கொண்டாள்.

தண்ணீருக்கு அங்கே பஞ்சமே இல்லை. சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை ராப்பகலாக இறைத்து வெளியே தள்ளுகிறார்கள். இல்லாதது மண்தான். மண்மேட்டில் மண் இல்லை என்றால் சிரிப்பு வரும், சிரித்துக்கொள்ளுங்கள். வெயிலே காணாமல் பாதாளத்தில் கிடந்த வெள்ளைக் களியையும் மணலையும் மேலே கொட்டிவிட்டு அதற்கு நிலம் என்று பெயர் வைத்தால் ஆயிற்றா? களி விழுந்த இடத்தில் தண்ணீர் இறங்காமல் நின்று வேர் அழுகும். மணல் விழுந்த இடத்தில் ஊற்றிய தண்ணீர் நிற்காது. போட்ட யூரியாவையும் கையோடு கூட்டிக்கொண்டு கீழே போய்விடும். உரம் போட்ட நாலு நாளைக்கு இலை கருகருவென்று பொய்ப் பச்சை காட்டும். அப்புறம் பழையபடி மஞ்சள்தான்.

மேட்டைப் பயிர் நிலமாக்க இதெல்லாம் தெரிந்தவர்கள்தான் திட்டம் போட்டார்கள். தோண்டுவதற்கு முன் வயலின் மேல்மண்ணைத் தனியாக வழித்தெடுத்து வைக்க வேண்டும், மேட்டின் மேல் முழங்கால் ஆழத்துக்கு அதைப் பரப்ப வேண்டும், தொழுவுரம் கலந்து மண்ணை ஆறப்போட்டுவிட்டுத்தான் விதைக்க வேண்டும் என்று ஒழுங்காகவே விதி வைத்தார்கள். காண்ட்ராக்ட் எடுத்த பன்னீர்செல்வம் என்ன செய்தான்? மேல்மண்ணை லாரி லாரியாக வடலூர்ப் பக்கம் வீட்டுமனை மேடேற்ற விற்றான். மேட்டின் மேல் சோற்றில் உப்புத் தூவுகிற மாதிரி கொஞ்சம் தூவினான். தொழுவுரத்தைக் கண்ணிலேயே காட்டவில்லை. லாரிகள் போனதைப் பார்க்காத பெண் அந்த மேட்டில் இல்லை. ஆனால் உள்ளே வர யாருக்கு கேட் பாஸ், யாருக்கு இல்லை என்று சொல்கிறவனும் அவன்தான். அதனால் பார்த்த கண்கள் எல்லாம் குனிந்துகொண்டன.

முதல் விதைப்பு மொத்தமாகச் செத்தபோது அந்தப் புண்ணியவான் ஒரு வழி கண்டுபிடித்தான். பாத்திக்கு ஓர் ஆள். பாத்தியின் தலைமாட்டில் அவள் பெயர் எழுதிய பலகை. பயிர் பச்சையாக இருந்தால் முழுக்கூலி, மஞ்சளடித்தால் அரைக்கூலி, தேறவே இல்லை என்றால் கேட் பாஸ் கிடையாது. செடி வாடினால் அதற்குக் காரணம் இனி மண் இல்லை, பலகையில் பெயர் இருக்கிறவள்.

சாம்பல் அள்ளும் காண்ட்ராக்ட் வேலையில் இடுப்பெலும்பு போய்ப் படுத்திருக்கிறான் தமயந்தியின் புருஷன். அவள் கூலியில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தாக வேண்டும். பலகையில் தன் பெயரைப் பார்த்த அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்ப் பின்னால் இருக்கும் ஆட்டுப்பட்டியின் ஓரத்தைக் கொத்தினாள். ஆண்டாண்டாகப் புழுக்கையும் தழையும் மட்கிக் கறுத்த மண், பிடித்தால் பிட்டுப் போல உதிரும். மறுநாள் காலை சோற்றுத்தூக்குக்கு அடியில், பையின் அடியில், ஒரு பொட்டலம் அந்த மண் இருந்தது. யாரும் பார்க்காதபோது வேரடியில் வைத்து மூடினாள். அதன் பிறகு தினமும் இதே வேலைதான். செடி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

தான் மட்டுமே கெட்டிக்காரி என்று அவள் நினைத்திருந்தாள். ஒருநாள் கூட வேலை செய்கிற சரிதாவின் பையைத் தள்ளி வைக்கும்போது சாண வாடை அடித்தது. இன்னொரு நாள் புவனாவின் பாத்தியில் மண்புழு நெளிந்தது. பாதாளத்து மண்ணில் மண்புழு எங்கிருந்து வரும்? ஆளாளுக்குத் தன் வீட்டு மண்ணை ஒளித்துக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்குத் தெரியும், ஆளாளுக்குத் தெரியாத மாதிரி இருந்தார்கள். ஒரே தூக்கில் குழம்பு வாங்கிச் சாப்பிட்டவர்கள் இப்போது பையை மடியில் வைத்துக்கொண்டு தள்ளித் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

வீராயிக்கு மட்டும் கொண்டுவர மண் இல்லை. அவள் குடியிருந்த இடமும் அதைச் சுற்றியிருந்த வயல்களும் சுரங்கத்துக்குப் போனபின், கல்லும் கிராவலும் அடித்த மாற்றுமனையில் அவளுக்கு ஒரு மூலை கிடைத்தது. அங்கே அவள் வைத்த முருங்கைக் கொம்பே துளிர்க்கவில்லை. ஆக, பன்னீர்செல்வத்தின் மண் எப்படிப்பட்டது என்பதை உள்ளது உள்ளபடி காட்டியது வீராயியின் பாத்தி ஒன்றுதான்.

அன்று காலை அவன் ஜீப்பில் வந்து இறங்கினான். மறுநாள் நிறுவனத்திலிருந்து பெரிய அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனால் அடுத்த மேடும் அவனுக்குத்தான். பச்சைப் பாத்திகளைப் பார்த்து முகம் மலர்ந்துகொண்டே வந்தவன், வீராயியின் பாத்தியில் நின்றான். எல்லாரையும் கூப்பிட்டான். வீராயியையும் தமயந்தியையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தான்.

"ஒரே மண்ணு, ஒரே தண்ணி, ஒரே ஒரம். இவ பாத்தி பச்சப்பசேல்னு நிக்குது, உன் பாத்தி தொவண்டு கெடக்குது. கோளாறு மண்ணுலயா, உன் கையிலயா? சொல்லு."

வீராயி அவனைவிட மூத்தவள். அவன் அப்பன் வயலில் நாற்று நட்டவள். "மண்ணுல உசுரு இல்லீங்க" என்றாள்.

"அப்ப இவளுக்கு மட்டும் உசுரு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று அவன் தமயந்தியின் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லும்மா. மண்ணு எப்படி?"

உண்மையைச் சொன்னால் தமயந்தியின் பச்சை பொய்யாகிவிடும். பொய் சொன்னால் வீராயியின் பிழைப்பு போய்விடும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நாளைக்கு ஆபீசர்கள் வந்துபோனதும் கேட் பாஸை ஒப்படைத்துவிட்டு நடையைக் கட்டு என்று வீராயிக்குத் தீர்ப்புச் சொன்னான். தமயந்தியை அடுத்த மாசத்திலிருந்து மேஸ்திரியாகப் போடுகிறேன் என்றான். அதோடு விட்டானா? எல்லாரும் இவளைப் பார்த்து வேலை கற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு புத்திமதியும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினான்.

வீராயி தமயந்தியைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் திட்டவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, நாளைக்குப் பிடுங்கப்படப் போகிற பாத்தியைத் திரும்பவும் கொத்தத் தொடங்கினாள். ஒரு சாண் இறங்கியதும் வெள்ளைக் களியில் பட்டு மண்வெட்டி வழுக்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைத் தமயந்தியால் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, அதற்கு மேல் ஆத்திரமாக இருந்தது.

மத்தியானம் தைலமர நிழலில் பெண்கள் வழக்கம்போலத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். வீராயி தூக்கைத் திறக்கவே இல்லை. தமயந்தி எழுந்து போய் நடுவில் நின்று, தன் பையிலிருந்த பொட்டலத்தை எல்லார் முன்னாலும் அவிழ்த்துக் கொட்டினாள்.

"இதான் என் கைராசி. எங்க ஆட்டுப்பட்டி மண்ணு. வீராயியக்கா பொழப்பக் கெடுத்தது இதுதான்."

சரிதா எழுந்து தன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். எருத்தூள் விழுந்தது. ஒவ்வொருத்தியாகப் பையைக் கவிழ்த்தார்கள். கடைசியாகப் புவனா, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு கவிழ்த்தாள். நடுவில் கறுப்பாக ஒரு குவியல் சேர்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த வீராயி, தனக்குத் தெரியும் என்றாள். மழை பெய்த அன்றே வாசம் காட்டிக்கொடுத்துவிட்டதாம். தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று தமயந்தி கேட்டாள். உன் புருஷன் படுத்துக் கிடக்கிறானே என்று மட்டும் அவள் சொன்னாள்.

புவனா ஒரு யோசனை சொன்னாள்: ஆளுக்கொரு கை எடுத்து இப்போதே அக்கா பாத்தியில் போட்டுவிடுவோம், அடுத்த பார்வைக்குள் அதுவும் தேறிவிடும், அதைக் காட்டி அக்கா பாஸைத் திரும்பக் கேட்போம். நல்ல மனசுதான். ஆனால் சரிதாவுக்கு அதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. அப்படிச் செய்தால் மேடு முழுக்கப் பச்சை, அவன் லாரியில் விற்றதற்கு நாம் பையில் கொண்டுவந்து கணக்கை நேர் செய்ததாக ஆகும் என்றாள். அடுத்த மேட்டுக்கும் நம் வீட்டுப் புழக்கடையைச் சுரண்டிக்கொண்டு வர வேண்டியதுதான் என்றாள். தமயந்தி அந்தக் குவியலின் முன்னால் உட்கார்ந்தாள்.

"நாம போட்ட மண்ண நாமளே எடுத்துக்குவோம். நாளைக்கு ஆபீசருங்க கண்ணு முன்னாடியே எடுப்போம். அவன் மண்ணுல அவன் பயிரு எப்படி நிக்குதுன்னு அவங்க பாக்கட்டும்."

எல்லார் பாஸும் போய்விடுமே என்று ஒருத்தி கேட்டாள். போனாலும் போகலாம் என்றாள் தமயந்தி. அவளுக்கும் பயம்தான். அதை அவள் மறைக்கவும் இல்லை. இன்றைக்கு அக்கா, அடுத்த விதைப்புக்கு யார் வீட்டு மண் தீர்ந்துபோகிறதோ அவள், இப்படி ஒவ்வொருத்தியாகப் போவதற்கு எல்லாரும் சேர்ந்து போவது மேல் என்று தோன்றுகிறது என்றாள். அன்று குழம்பு கை மாறியது. வீராயியும் சாப்பிட்டாள்.

மறுநாள் அதிகாரிகளின் வண்டிகள் மேடேறி வந்தபோது பன்னீர்செல்வம் வெள்ளை வேட்டியில் சந்தன மாலையோடு நின்றான். பெண்கள் தலை நிமிரவில்லை. பாத்தி பாத்தியாகக் குந்தி, வேரடியில் கறுத்திருந்த மண்ணை மட்டும் விரலால் வழித்து வழித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தமயந்தியின் வெண்டையில் அன்று காலைதான் முதல் பூ விரிந்திருந்தது. அந்தச் செடியின் காலடியில் கை வைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் சோற்றைப் பிடுங்குவதுபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வழித்தாள். கறுப்பு போனதும் கீழே வெள்ளைக் களி பளிச்சென்று தெரிந்தது.

என்னம்மா செய்கிறீர்கள் என்று ஓர் அதிகாரி கேட்டார்.

"எங்க வூட்டு மண்ண எடுத்துகினு இருக்கோம் சார்" என்றாள் தமயந்தி. "காண்ட்ராக்டர் போட்ட மண்ண அப்படியே வுட்டுட்டோம். நீங்க தொட்டுப் பாருங்க."

பன்னீர்செல்வத்துக்கு முகம் கறுத்துச் சிவந்தது. "கம்பெனி மண்ணத் திருடுறாளுங்க சார்! செக்யூரிட்டியக் கூப்புடுங்க!"

கேட்டீர்களா நியாயத்தை? லாரியில் போனது வியாபாரமாம், கூடையில் எடுப்பது திருட்டாம். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. வழிக்கிற கையும் நிற்கவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தமயந்தியிடம் வந்து, மேஸ்திரி வேலையை நினைத்துப் பார், படுத்துக் கிடக்கிறவனை நினைத்துப் பார் என்றான்.

"நெனச்சுப் பாத்துட்டுத்தாங்க கூடையத் தூக்குனேன்" என்றாள் அவள்.

அதிகாரி குனிந்து களியைக் கிள்ளிப் பார்த்தார். விசாரிக்கிறோம் என்றார். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். விசாரிப்பார்களோ, மறந்துபோவார்களோ, யார் கண்டது?

பெண்கள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரிசையாக மேட்டை விட்டு இறங்கினார்கள். போகும்போது சரிதா பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கவிழ்த்துப் போட்டாள். கேட்டில் மறித்தார்கள். மண்ணை வெளியே கொண்டுபோக விடமாட்டோம் என்றார் காவல்காரர். அப்படியானால் நாங்களும் போகவில்லை என்று அவர்கள் அங்கேயே உட்கார்ந்தார்கள். உட்காருவதற்கு முன் தமயந்தி தன் கூடையைக் கேட்டின் நடுவில் கவிழ்த்தாள். மற்றவர்களும் அதன் மேலேயே கவிழ்த்தார்கள். ஆட்டுப்பட்டி மண்ணும் மாட்டுத்தொழுவ மண்ணும் வாழையடி மண்ணும் ஒன்றோடொன்று கலந்துபோயின.

ஷிப்ட் மாறுகிற நேரம். சாம்பல் பிரிவிலும் கன்வேயரிலும் வேலை செய்கிற காண்ட்ராக்ட் ஆட்கள் பஸ்ஸில் வந்தார்கள். வழி அடைத்திருந்ததால் பஸ் நின்றது. ஒவ்வொருவராக இறங்கி வந்து என்ன என்று கேட்டார்கள். தமயந்தியின் புருஷனோடு வேலை செய்த செங்குட்டுவன், கேட்டு முடித்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுப் பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்தான். டிரைவர் இஞ்சினை அணைத்தார்.

பின்னாலேயே ஜீப்பில் வந்த பன்னீர்செல்வம், ஒரே ஒருத்தி பெயர் கிடைத்தால் போதும், போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று காவல்காரரின் காதைக் கடித்தான். அவரும் லத்தியால் குவியலைத் தட்டிக் கேட்டார்:

"இது யாரு மண்ணும்மா?"

தமயந்தி வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் வீராயி எழுந்து நின்றாள். அந்தக் குவியலில் அவள் கொண்டுவந்தது ஒரு பிடிகூட இல்லை. கையைத் தூக்கினாள்.

"என்னுது."

அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பஸ்ஸில் வந்தவர்களும் எழுந்தார்கள்.