ஒரு நூல் இறக்கம்

மெக்கானிக்கும் அவர் மச்சினனும் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. இருவரும் சேர்ந்து புதுப்பிக்கும் ஐம்பது வயதுக் காருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்பதில்தான் சண்டை. மெக்கானிக்குக்குக் கரும்பச்சை, மச்சினனுக்கு மஞ்சள். அன்று போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கடிகாரம் கால் மணி நேரம் பின்னால் போனது. இன்னும் சரியாகவில்லை. மெக்கானிக்கின் மனைவி தீர்ப்புச் சொன்னாள். "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. யார் முதல்ல மத்தவர்கிட்ட பேசுறாங்களோ அவங்க தோத்தாங்க. ஜெயிச்சவங்க சொல்ற பெயின்ட்."

அன்றிலிருந்து நடுவில் அவள்தான் தந்திக்கம்பி.

இன்று பின் சஸ்பென்ஷன். காரின் பின்பக்கம் ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. அடியில் மாட்டிய பட்டை ஸ்பிரிங்கின் மேல் ஆக்ஸிலை இறக்க வேண்டும். ஸ்பிரிங் நடுவே துருத்தும் போல்ட் தலை, ஆக்ஸிலின் அடித்தட்டிலுள்ள துளைக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும். ஆக்ஸிலைத் தாங்கிய ஜாக்கி மச்சினன் கையில். மெக்கானிக் காருக்கடியில் மல்லாந்திருந்தார்.

"உன் தம்பிய ஒரு நூல் இறக்கச் சொல்லு."

"டேய், மாமா ஒரு நூல் இறக்கச் சொல்றார்."

"போன வாட்டி ஒரு நூல்னு சொல்லி ஒரு சாண் இறக்க வெச்சாரு. அளந்து காட்டச் சொல்லுக்கா."

"அளக்குற மூஞ்சியப் பாருன்னு சொல்லு."

"அதெல்லாம் நான் சொல்ல மாட்டேன்." உள்ளே போன் அடித்தது. "அசையாதீங்க, வந்துடறேன்."

மெக்கானிக் காத்திருந்திருக்கலாம். ஆனால் நாற்பது வருடமாக அவர் எந்தத் துளையையும் கண்ணால் பார்த்ததில்லை. ஆள்காட்டி விரலை விட்டுத்தான் பார்ப்பார். அந்த விரல் இருட்டில் தடவியே நட்டின் பிறந்த தேதியைச் சொல்லிவிடும். இப்போதும் விரலை விட்டார். துளை நேராகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கிழட்டு ஜாக்கி எண்ணெய் கசிந்து, யாரையும் கேட்காமல் ஒரு நூல் இறங்கியது.

விரல் மாட்டிக்கொண்டது. ஒரு பீரோவே நகத்தின் மேல் உட்கார்ந்தது போல் இருந்தது. இழுத்தார், வரவில்லை. ஜாக்கி 'ஸ்ஸ்' என்றது.

"இந்தாம்மா..." என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. உள்ளே அவள் போனில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இடது கையால் ஸ்பேனரை எடுத்து இரும்பில் மூன்று தட்டுத் தட்டினார். மச்சினன் குனிந்தான். என்னவென்று கேட்கலாம், ஆனால் கேட்டால் தோல்வி. மூன்று தட்டு என்றால் இறக்கு என்றுதானே அர்த்தம்? அவன் முகத்தில் ஓடிய கணக்கை மெக்கானிக் அடியிலிருந்தே படித்தார். அவன் கை ஜாக்கியை இறக்கும் திருகைப் பிடித்தது.

கரும்பச்சை ஒருமுறை கண்முன் பளபளத்தது.

"ஏத்துடா! ஏத்து! விரல்டா, பாவி!"

மச்சினன் ஜாக்கிக் கைப்பிடியை அடித்த அடியில் ஆக்ஸில் மட்டுமல்ல, கார், ஸ்டாண்டு, கொட்டகைக் கூரை எல்லாம் ஒரு சாண் எழும்பின. விரல் வந்தது. அவன் வெளிறிப்போய் உள்ளே தவழ்ந்து வந்தான்.

"மாமா, மடக்குங்க. நீட்டுங்க. முழுசா இருக்கா?"

"இருக்குடா."

வாசலில் மனைவி நின்றாள். "யார் முதல்ல?"

மச்சினன் ஆக்ஸிலைப் பார்த்தான். மெக்கானிக் விரலைப் பார்த்தார்.

"நான்தான். உன் தம்பிய மஞ்சள் பெயின்ட் வாங்கிட்டு வரச் சொல்லு."

"பக்கத்துலதான கிடக்கான், நீங்களே சொல்லுங்க."

கார் இப்போது எலுமிச்சை மஞ்சள். கரும்பச்சை அந்த நகத்தில் மட்டும் மூன்று மாதம் இருந்தது.