கில்டோரன் கோப்பையின் மிக இலேசான குதிரை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: அயர்லாந்து தேசத்தின் பெருமையும் டிப்பரரி மாவட்டத்தின் மூச்சுக்காற்றுமாகிய கில்டோரன் கோப்பைத் தடைதாண்டும் குதிரைப் பந்தயம், வரும் ஏப்ரல் மாதம் தன் நூற்று நாற்பதாவது ஓட்டத்தைக் காணவிருக்கிறது. மனித குலம் இதைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது.

கடைசி வரி என்னுடையது. மற்றதெல்லாம் பந்தயக் குழுத் தலைவர் கொர்னீலியஸ் ஹாசெட் எழுதி, தேவாலயக் கதவிலும் மதுக்கடைகளிலும் என் மருந்துக்கடைக் கண்ணாடியிலும் ஒட்டியது. ஹாசெட் ஓய்வுபெற்ற ஏலக்காரர். கன்றுக்குட்டியை விற்றபோதும் ராஜ்ஜியத்தை விற்கும் குரல்தான் அவருக்கு. உள்ளூர்ச் சுவர்கள் போதாமல், அதே அறிவிப்பை இங்கிலாந்திலும் பிரான்சிலும் உள்ள பயிற்சியாளர்களுக்கும் தபாலில் அனுப்பினார்.

விழா மலருக்கு வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. டாக்டர்களின் கையெழுத்தையே படிக்கிறவன் பழைய குறிப்பேடுகளைப் படிக்கமாட்டானா என்பது ஹாசெட்டின் தர்க்கம். வரலாறு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். இரண்டு கனவான்கள் மாவட்டத்தின் மானம் காக்க, ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து இன்னொன்றை நோக்கி, குறுக்கே வந்த வேலியெல்லாம் தாண்டிக் குதிரையை விரட்டினார்கள்.

பந்தயக் குழுவின் குறிப்பேடு வேறு கதை சொன்னது. கனவான்கள் இருவரும் ஒரு கல்யாண வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். இருவருமே கோபுரத்தை எட்டவில்லை. ஒருவர் ஆற்றிலும் மற்றவர் தம் மாமனாரின் முட்டைக்கோஸ் பாத்தியிலும் கண்டெடுக்கப்பட்டார்கள். கோபுரத்தடிக்கு முதலில் வந்து சேர்ந்தது, இரவல் வாங்கிய சேணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த ஓர் இளம் பாதிரியார். கோப்பை அவருக்குப் போயிற்று. தாம் ஜெயித்தது எதில் என்று அவர் பலமுறை விசாரித்ததாகத் தெரிகிறது.

பிறகு ஒன்பது ஆண்டுகள் நிலப்பிரபுவின் குதிரையே ஜெயித்தது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். பத்தாவது ஆண்டில் குழு கூடி யோசித்து, கொல்லன் பட்டறையிலிருந்து கதவுக் கீல்களைக் கொண்டுவந்து அந்தக் குதிரையின் சேணத்தில் கட்டியது. எடைச்சுமை என்ற மேலான தத்துவம் கில்டோரனுக்கு வந்தது இப்படித்தான். இன்று கீலுக்குப் பதில் ஈயத் தகடு. கொல்லனுக்குப் பதில் டப்ளினில் ஓர் அதிகாரி. குளிர்காலம் முழுக்க எந்தக் குதிரை எப்படி ஓடுகிறது என்று பார்த்து, கெட்டிக்காரக் குதிரைக்கு அதிக எடை, மந்தமானதற்குக் குறைந்த எடை என்று அவர் பட்டியல் போடுவார். எல்லாக் குதிரைகளும் ஒரே நொடியில் கோட்டைத் தொட வேண்டும் என்பது அவர் கனவு. உழைத்தவன் முதுகில் ஈயம் ஏற்றுவதற்கு எங்கள் ஊரில் நியாயம் என்று பெயர்.

உள்நாட்டுச் சண்டை நடந்த வருஷம்கூடப் பந்தயம் நிற்கவில்லை. இரு தரப்பாரும் துப்பாக்கிகளை வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். மூன்றாவதாக வந்தது எந்தக் குதிரை என்பதில் மட்டும்தான் தகராறு.

குறிப்பேட்டில் பதினான்கு முறை வருகிற பெயர் ஒன்று உண்டு: டூஹி. வென்றவர்களைப் பொன்னெழுத்தில் எழுதும் பலகையில் அது ஒருமுறைகூட இல்லை. தாத்தா டூஹியின் குதிரை இரண்டாவதாக வந்தது. அப்பா டூஹியின் குதிரை இருமுறை இரண்டாவது. பேரன் மலக்கி டூஹியின் குதிரைகள் மூன்றாவது, இரண்டாவது, பிறகு அடுத்தடுத்து இரண்டு தடவை பள்ளத்தில். மலக்கிக்கு வயது அறுபத்தொன்பது. இடுப்பு எலும்பு இரண்டும் செயற்கை. மே மாதம் பயிற்சியாளர் உரிமத்தை ஒப்படைப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பலகையில் ஏற அவருக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு பந்தயம்தான்.

இத்தனை தோல்விக்கும் காரணம் அவருடைய தங்கை நுவாலாவுக்கு எப்போதோ தெரியும். டூஹிகள் யோக்கியர்கள். நவம்பரில் ஓடினாலும் ஜெயிக்கத்தான் ஓடுவார்கள். ஏப்ரலில் அதற்கான ஈயம் வந்து ஏறிக்கொள்ளும்.

“மூணு தலைமுறையா நேர்மையா இருந்து என்னத்தக் கண்டோம்?” என்றாள் அவள், நான் மலக்கியின் ரத்த அழுத்த மாத்திரையோடு போயிருந்த ஒரு காலையில். “ஒரே ஒரு வருஷம் கொஞ்சம் கெட்டுத்தான் பாரேன் மலக்கி. பாவமன்னிப்பு எதுக்கு இருக்கு?”

மலக்கி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். வெண்ணெய் ரொட்டியைத் தாண்டித் தட்டுக்கும் போனது. அவர் சம்மதித்துவிட்டார் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அவரிடம் இருந்த குதிரை டின்னர் பெல். கில்டோரன் கோப்பையின் தூரமான மூன்றரை மைல் ஓடினால்தான் அதற்கு உடம்பே சூடாகும். அந்தக் குளிர்காலத்தில் மலக்கி அதை இரண்டு மைல் பந்தயங்களாகப் பார்த்து ஓட்டினார். குதிரை ஓடத் தயாராகும்போது மற்றவை தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். எட்டாவது, பதினொன்றாவது, மறுபடி எட்டாவது. சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை.

ஜனவரியில்தான் ஆபத்து வந்தது. மேற்கே ஒரு சின்ன ஊர்ப் பந்தயம், ஏழு குதிரைகள். ஒரே வேலியில் நான்கு விழுந்தன. ஐந்தாவது தாண்ட மறுத்து நின்றுவிட்டது. கடைசி வேலிக்கு டின்னர் பெல் முன்னால் வந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு குதிரை, வண்டி இழுப்பதுபோல. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மலக்கியின் முகம் வெளுத்துவிட்டது. ஜெயித்தால் எடை ஏறும். சவாரிக்காரன் ஃபின்டன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு வேலியை அழகாகத் தாண்டி, அந்தப் பக்கம் அதைவிட அழகாக விழுந்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் பத்து நிமிஷம் அவனைப் பரிசோதித்தார்கள்.

திரும்பி வரும்போது வண்டியில், லிமெரிக் தாண்டிய பிறகு மலக்கி, “நல்லா விழுந்தடா,” என்றார்.

“தோள்பட்டை நெஜமாவே போயிருச்சு மலக்கி.”

“அதான் சொல்றேன். நம்பும்படியா இருந்துச்சு.”

பிப்ரவரி கடைசியில் டப்ளின் அதிகாரியின் எடைப் பட்டியல் வந்தது. மலக்கி அதை அடியிலிருந்து மேலாகப் படித்தார். மேலே போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பட்டியலிலேயே மிகக் குறைந்த எடை டின்னர் பெல்லுக்குத்தான். மூன்று தலைமுறை டூஹிகள் கனவிலும் காணாத எடை. நுவாலா கேக் செய்தாள். ஃபின்டன் தோளில் கட்டோடு வந்து இரண்டு துண்டு சாப்பிட்டான். அன்றிலிருந்து மலக்கி குதிரையை அதன் இஷ்டத்துக்கு மலைச்சரிவில் மூன்றரை மைல் ஓடவிட்டார். அது பறந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தக் குதிரையை அந்த எடையில் பிடிக்க அயர்லாந்தில் ஆள் இல்லை என்று மலக்கி மெல்லிய குரலில் சொன்னார். அது வெறும் பேச்சில்லை.

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஹாசெட் லாயத்துக்கு வந்தார். கையில் தொப்பி. நான் குதிரைக்குத் தைலம் கொண்டுபோயிருந்தேன். நூற்று நாற்பது ஆண்டுகளில் இவ்வளவு குதிரைகள் ஓட முன்வந்ததில்லை என்றும், பிரான்சிலிருந்தே நான்கு என்றும், இது மாவட்டத்துக்கே மகுடம் என்றும் அவர் ஆரம்பித்தார். எத்தனை என்று மலக்கி கேட்டார்.

“இருபத்தாறு.”

மலக்கி சேணத்தைக் கீழே வைத்தார். பந்தயத் தடம் குறுகலானது. இருபது குதிரைக்கு மேல் விடக்கூடாது. மிஞ்சினால் மிகக் குறைந்த எடை சுமக்கும் குதிரையிலிருந்து தொடங்கிக் கழிக்க வேண்டும் என்பது கதவுக் கீல் காலத்து விதி. விழா மலருக்காக நானே அதைக் குறிப்பேட்டிலிருந்து பிரதி எடுத்திருந்தேன். எடுத்தும் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் உறைக்கவில்லை. இதுவரை பதினாறு குதிரைக்கு மேல் வந்ததே இல்லையே.

“எடை குறைஞ்சா நல்லதுதானே கொர்னீலியஸ்?” என்றார் மலக்கி.

“நல்லதுதான். கொஞ்சம் கூடுதலா நல்லதாப் போச்சு.”

“ஆறு பேர் விலகினா?”

“இந்த வருஷம் யாருய்யா விலகுவான்? நூத்தி நாற்பதாவது ஓட்டமாச்சே,” என்றார் ஹாசெட். அந்த நேரத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மலக்கி, ஜனவரியில் ஜெயித்திருந்தால் எடை எவ்வளவு ஏறியிருக்கும், இருபதுக்குள் இடம் கிடைத்திருக்குமா என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எண்ணி முடித்துவிட்டு, உள்ளே போய் நுவாலாவிடம் டீ போடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். ஒரு பிரெஞ்சுக் குதிரை ஜெயித்தது. டின்னர் பெல் ஓடவில்லை.